போர் முடிஞ்ச பிறகு குழந்தைக்கு என்ன ஆகுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த எபிசோடை எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி ரயில் சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க, அது சேலம் - விருத்தாசலம் லைன்.

எங்க ஊர் அயோத்தியாப்பட்டணம்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். இங்க கோதண்டராமர் கோயில் இருக்கு. இலங்கையில போர் முடிச்சுட்டு அயோத்திக்குத் திரும்பிப் போற வழியில ராமர் இங்க தங்கினார், அதனாலதான் ஊருக்கு இந்தப் பேருன்னு எங்க பாட்டி சொல்லும். சின்ன வயசுல அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். போர் முடிஞ்சுது, எல்லாரும் வீட்டுக்குப் போறாங்க, அவ்வளவுதான், சுபம்.

இலங்கையில இருந்து வந்த இன்னொரு குடும்பத்தை நான் காலேஜ்ல சேர்ந்த பிறகுதான் பார்த்தேன். என் கிளாஸ்மேட் ஒருத்தன், இதே சேலம் மாவட்டத்துல இருக்கிற ஒரு இலங்கைத் தமிழர் முகாம்ல பிறந்து வளர்ந்தவன். ரெண்டாம் வருஷ தீபாவளிக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவங்க கிறிஸ்தவங்க, ஆனா முகாம் பசங்க எல்லாரும் வெடி வெடிப்பாங்க. நான் ஒரு பெரிய அணுகுண்டு வெடியை எடுத்து, அவங்க வாசலுக்குப் பக்கத்துலயே வச்சுப் பத்த வச்சேன்.

வெடிச்ச அடுத்த நொடி, உள்ள ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம். போய்ப் பார்த்தா அவங்க அம்மா கட்டிலுக்கு அடியில இருந்தாங்க. ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டு, வாயைத் திறந்து வச்சுக்கிட்டு.

நான் சிரிச்சுட்டேன். கிண்டல் பண்ணணும்னு இல்ல, ஆனா சிரிச்சேன். அந்த நேரத்துல அவங்க இந்தியாவுக்கு வந்து இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆகியிருந்தது.

இது மனசுல ரொம்ப நாளா கிடந்தது. இப்போ அவங்ககிட்டயே கேட்டு, அனுமதி வாங்கித்தான் பேசுறேன். பேரும் முகாம் பேரும் வேணாம்னு சொன்னாங்க. நான் மனநல மருத்துவர் இல்ல, சாஃப்ட்வேர் இன்ஜினியர். படிச்சதைப் புரிஞ்ச அளவுக்கு எடுத்துச் சொல்றேன். கேள்வி ஒண்ணுதான். போர்ல சிக்கித் தப்பிச்ச ஒரு குழந்தைக்கு, அந்தப் போர் எப்போ முடியுது?

பதினொரு வயசுல

முதல்ல அவங்க கதை. சொந்த ஊர் மன்னார் பக்கம். 1990 ஜூன்ல இலங்கை ராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் மறுபடி போர் ஆரம்பிச்சப்போ அவங்களுக்கு 11 வயசு. பள்ளிக்கூடம் மூடியாச்சு. பொம்பர் சத்தம் கேட்டா பங்கருக்குள்ள ஓடணும். குண்டு விழுறப்போ காதைப் பொத்தி வாயைத் திறந்து வச்சா காது ஜவ்வு கிழியாதுன்னு பெரியவங்க சொல்லிக் கொடுத்திருக்காங்க. நான் பார்த்துச் சிரிச்சது அந்தப் பாடத்தைத்தான்.

ஒருநாள் ஊரைச் சுற்றி வளைச்சு ஆம்பளைங்களை எல்லாம் கூட்டிட்டுப் போனாங்க. அதுல அவங்க அண்ணனும் ஒருத்தர். திரும்பி வரல. அதுக்கப்புறம் மடு மாதா கோயில்ல கொஞ்ச நாள் தஞ்சம். பிறகு ஒரு ராத்திரி படகு. ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து பஸ்ஸுல சேலம் பக்கம். படகுல டீசல் நாத்தம் தாங்க முடியாம வாந்தி எடுத்தாங்களாம். இன்னைக்கும் பஸ் ஸ்டாண்டுல டீசல் வாசம் வந்தா கை சில்லிட்டுப் போகுமாம்.

இது ஒரு பக்கத்துக்கு மட்டும் நடந்த கதை இல்ல. அதே 1990 அக்டோபர்ல வடக்கு மாகாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் விடுதலைப் புலிகள் வெளியேத்தினாங்க. யாழ்ப்பாணத்துல கொடுத்த அவகாசம் வெறும் ரெண்டு மணி நேரம். மன்னார்ல இருந்தும் போனாங்க. மொத்தம் 70,000 பேருக்கு மேல. பல குடும்பங்கள் புத்தளம் பக்கம் பல வருஷம் அகதி வாழ்க்கை வாழ்ந்தாங்க. அந்தக் கூட்டத்துலயும் 11 வயசுப் பிள்ளைங்க இருந்திருப்பாங்க. யார் துரத்தினாங்கங்கிறது அரசியல்ல பெரிய விஷயம். ஓடுற குழந்தையோட உடம்புக்குள்ள நடக்கிறது எல்லாப் பக்கமும் ஒண்ணுதான்.

"குழந்தைதானே, மறந்துடும்"

நம்ம வீடுகள்ல அடிக்கடி கேக்குற வசனம் இது. "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்? வளர்ந்தா மறந்துடும்." இது ஏன் தப்புன்னு பார்ப்போம்.

சாதாரணமா ஒரு சம்பவம் நடந்தா நம்ம மூளை அதுக்கு ஒரு தேதி, ஒரு இடம், ஒரு முன்பின் வரிசை போட்டு வைக்குது. "அது போன வருஷம், பொங்கலுக்கு அப்புறம், மாமா வீட்ல." இந்த வேலையில முக்கியப் பங்கு ஹிப்போகேம்பஸுங்கிற பகுதிக்கு. ஆபத்து வந்தா மணி அடிக்கிறதுல முக்கியப் பங்கு அமிக்டலாவுக்கு. உயிருக்கே ஆபத்துங்கிற அளவுக்குப் பயம் வரும்போது, மணி அடிக்கிற பகுதி முழு வேகத்துல ஓடும். தேதி போடுற பகுதி சரியா வேலை செய்யாது. அதனால சத்தம், வாசம், உடம்பு நடுக்கம் எல்லாம் அழுத்தமா பதிஞ்சுடும். "இது எப்போ நடந்தது, முடிஞ்சுபோச்சா"ங்கிற தகவல் மட்டும் சரியா ஒட்டாது.

எங்க தொழில்ல இருக்கிறவங்களுக்கு ஒரு உதாரணம். சர்வர் லாக்ல ஒரு எர்ரர் பதிவாகுது, ஆனா டைம்ஸ்டாம்ப் இல்ல. மானிட்டரிங் சிஸ்டம் அதை எப்போ படிச்சாலும் இப்பத்தான் நடக்குதுன்னு நினைச்சு அலெர்ட் அடிக்கும். சிஸ்டம் கெட்டுப்போகல. அதுக்குக் கிடைச்ச தகவல் அப்படி. தீபாவளி வெடிச் சத்தம் அந்தப் பழைய பதிவைத் தட்டி எழுப்புது, உடம்பு 1990ல நிக்குது.

அந்த அம்மா இதை என்னைவிட நல்லா சொன்னாங்க. "சத்தம் கேட்டா கால் தன்பாட்டில ஓடும் தம்பி. நான் ஓடுறன் எண்டு எனக்கே பிறகுதான் தெரியும்."

குழந்தைங்க விஷயத்துல இன்னொரு சிக்கலும் இருக்கு. பெரியவங்களுக்குப் போருக்கு முன்னாடி ஒரு வாழ்க்கை இருந்தது. உலகம் பொதுவா பாதுகாப்பானது, இப்போ கெட்டுப்போச்சுன்னு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஏழு, எட்டு வயசுக் குழந்தை, உலகம்னா என்னன்னு கத்துக்கிற நேரத்துலயே இதைக் கத்துக்குது. கதவு தட்டினா ஆபத்து. அழுதா மாட்டிக்குவோம். சாப்பாடு நாளைக்கு இருக்காது. இந்தப் பாடங்கள் போர்க்காலத்துல உயிரைக் காப்பாத்தும். பிரச்சினை என்னன்னா, போர் முடிஞ்சதும் இதெல்லாம் தானா அழியாது. கதவைப் பார்த்து மட்டுமே உட்காருறது, அரிசியைச் சேர்த்துச் சேர்த்து வைக்கிறது, லேசான தூக்கம், யாரையும் முழுசா நம்ப முடியாம இருக்கிறது. வெளியில இருந்து பார்க்கிறவங்க இதை "அவங்க குணமே அப்படி"ன்னு சொல்லிடுவாங்க.

நம்ம ஆளுங்ககிட்ட இது பல நேரம் உடம்பு வழியாத்தான் வெளிய வரும். தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, கை கால் உளைச்சல், அடிக்கடி பெருமூச்சு. டாக்டர்கிட்ட போவாங்க, டெஸ்ட் எல்லாம் நார்மல்னு வரும், சத்து மாத்திரையோட திரும்பி வருவாங்க. "மனசு சரியில்ல"ன்னு வாயைத் திறந்து சொல்றவங்க குறைவு.

எண்கள் என்ன சொல்லுது

இந்த விஷயத்துல நம்ம மொழி பேசுற ஒரு மருத்துவரோட பேரைத் தெரிஞ்சுக்கணும். தயா சோமசுந்தரம். மனநல மருத்துவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்தவர். போர் நடந்துக்கிட்டிருந்தப்போ அங்கேயே இருந்து வைத்தியம் பார்த்தவர். 'முறிந்த பனை' நூலை எழுதின நாலு பேர்ல ஒருத்தர். அந்த நாலு பேர்ல இன்னொருத்தரான ராஜினி திராணகம 1989 செப்டம்பர்ல சுட்டுக் கொல்லப்பட்டாங்க. அப்படிப்பட்ட சூழல்ல இருந்துக்கிட்டுத்தான் சோமசுந்தரம் போரோட மனப் பாதிப்பைப் பத்தி எழுதினார். தமிழ்ல 'மனவடு'ங்கிற பேர்லயும் அவரோட புத்தகம் வந்திருக்கு. ட்ராமாவுக்கு அவ்வளவு பொருத்தமான தமிழ்ச் சொல். காயம் ஆறிடும், வடு நிக்கும்.

இதே விஷயத்தைப் பத்தி ஒரு ஆய்வு 2008ல வெளியாச்சு. வடகிழக்கு இலங்கையில 296 தமிழ்ப் பள்ளி மாணவர்கள்கிட்ட, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் நேர்ல பேசினாங்க. 100ல 82 பேர் போர் சம்பந்தமான ஏதாவது ஒரு கொடுமையையாவது நேரடியா அனுபவிச்சிருந்தாங்க. 30.4 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி., அதாவது நான் மேல சொன்ன அந்த அலெர்ட் நிக்காத நிலை. 19.6 சதவீதம் பேருக்குத் தீவிர மனச்சோர்வு.

பெரியவங்களைப் பத்தி இன்னொரு ஆய்வு. போர் முடிஞ்ச கையோட, 2009 ஜூலையில இருந்து செப்டம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்துல எடுத்தது, 2011ல ஜாமா மருத்துவ இதழ்ல வந்தது. பி.டி.எஸ்.டி. 7 சதவீதம், பதற்றம் 32.6, மனச்சோர்வு 22.2 சதவீதம். இடமும் முறையும் வேற வேறங்கிறதால இந்த ரெண்டு ஆய்வையும் நேரா ஒப்பிடக் கூடாது.

ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. ஒண்ணு, இது சின்ன எண்ணிக்கை இல்ல. ரெண்டாவது, அந்த 296 பிள்ளைங்கள்ல பத்துல ஏழு பேருக்கு பி.டி.எஸ்.டி. இல்ல. அதனால போரைப் பார்த்த எல்லாரும் உடைஞ்சுபோனவங்கன்னு நினைக்கிறதும் தப்பு, பெரும்பாலானவங்க தாங்கிக்கிறாங்கன்னு சொல்லிக் கையைக் கழுவுறதும் தப்பு.

அப்போ கேள்வி வருதுல்ல? ஒரே படகுல வந்த ரெண்டு குழந்தைங்கள்ல ஒண்ணு மீண்டு வருது, இன்னொண்ணு வரல. எது தீர்மானிக்குது?

மூணாவது கட்டம்

இதுக்குப் பதில் தேடினப்போ நான் போய்ச் சேர்ந்த இடம் நெதர்லாந்து. ஆன் ஃபிராங்க் டைரி ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. அந்தப் பொண்ணு ஒளிஞ்சிருந்தது ஆம்ஸ்டர்டாம்ல. நெதர்லாந்துல இருந்து நாஜிகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களைப் பிடிச்சு அனுப்பினாங்க. உயிரோட திரும்பி வந்தவங்க சுமார் 5,000 பேர்தான். ஆனா வேற குடும்பங்கள்ல ஒளிச்சு வைக்கப்பட்ட குழந்தைங்க நிறையப் பேர் பிழைச்சாங்க. போர் முடிஞ்சப்போ அதுல சுமார் 2,000 பேருக்கு அப்பா அம்மா இல்ல.

அந்தக் குழந்தைங்களோட வேலை செஞ்சவர் ஹான்ஸ் கெயில்சன்னு ஒரு மருத்துவர். அவரே ஒரு ஜெர்மன் யூதர், டெல்ஃப்ட்ங்கிற ஊர்ல ஒளிஞ்சிருந்து தப்பிச்சவர். அவரோட அப்பா அம்மாவை ஆஷ்விட்ஸ் முகாம்ல கொன்னுட்டாங்க. அந்த அனாதைக் குழந்தைங்கள்ல 204 பேர், சுமார் கால் நூற்றாண்டு கழிச்சு எப்படி இருக்காங்கன்னு தேடிப் போய்ப் பார்த்தார். 1979ல, அவருக்கு 69 வயசு இருக்கும்போது, அந்த ஆய்வு புத்தகமா வந்தது.

கெயில்சன் சொன்னது இதுதான். அந்தக் குழந்தைங்களோட பாதிப்பு ஒரே நாள்ல நடந்த ஒரு சம்பவம் இல்ல. மூணு கட்டமா தொடர்ந்து நடந்தது. முதல் கட்டம், நாஜி ராணுவம் உள்ள வந்து, வீட்டுல பெரியவங்க முகத்துல பயம் தெரிய ஆரம்பிச்ச காலம். ரெண்டாவது, அப்பா அம்மாவைப் பிரிஞ்சு, ஒளிஞ்சு, முகாம்ல கிடந்த காலம். மூணாவது, போர் முடிஞ்ச பிறகு. யார் வீட்டுல வளர்றது, யார் தன்னோட அம்மா, தன்னோட மதம் எது, நடந்ததைப் பத்திப் பேசலாமா கூடாதா, இதெல்லாம் முடிவான காலம்.

நானா இருந்தா ரெண்டாவது கட்டம்தான் எல்லாத்தையும் தீர்மானிக்கும்னு சொல்லியிருப்பேன். ஆய்வுல வந்தது வேற. ரெண்டாவது கட்டத்துல பயங்கரமா அனுபவிச்சிருந்தாலும், போருக்கு அப்புறம் நல்ல ஆதரவான வீடு கிடைச்ச குழந்தைங்க, பின்னாடி ஓரளவு நல்லா இருந்தாங்க. ரெண்டாவது கட்டம் அவ்வளவு மோசமா இல்லாம, ஆனா மூணாவது கட்டம் மோசமா அமைஞ்ச குழந்தைங்க, அவங்களைவிட மோசமான நிலையில இருந்தாங்க.

அதாவது, குண்டு நின்ன பிறகு என்ன நடந்ததுங்கிறது குண்டைவிட அதிகமா தீர்மானிக்கலாம்.

இதுக்குப் பொருந்துற மாதிரி இன்னொரு பழைய கவனிப்பும் இருக்கு. ரெண்டாம் உலகப் போர்ல லண்டன்ல குண்டு விழுந்துக்கிட்டிருந்தப்போ, அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்கமும் குழந்தைங்களுக்குக் காப்பகம் நடத்தினாங்க. குண்டுச் சத்தத்தைவிட அம்மாவைப் பிரியறதுதான் குழந்தையை அதிகமா ஆட்டி வைக்குதுன்னு அவங்க எழுதினாங்க. அம்மா பக்கத்துல அமைதியா இருந்தா பல குழந்தைங்க குண்டுவீச்சைக்கூடத் தாண்டி வந்தாங்க.

நம்ம ஊருக்கு வருவோம்

கெயில்சனைப் படிச்சதும் எனக்கு அந்த அம்மா ஞாபகம்தான் வந்தது. அவங்களோட மூணாவது கட்டம் எங்க நடந்தது? இங்க. நம்ம மாவட்டத்துல.

1983ல இருந்து இலங்கைத் தமிழர்கள் 3 லட்சம் பேருக்கு மேல தமிழ்நாட்டுக்கு அகதிகளா வந்திருக்காங்க. 2021 கணக்குப்படி நூத்துக்கும் அதிகமான முகாம்கள்ல சுமார் 58,000 பேர். நம்ம பக்கமே தாரமங்கலம் கிட்ட பவளத்தானூர்ல, தம்மம்பட்டியில, நாமக்கல் மாவட்டத்துல பரமத்தியில எல்லாம் முகாம் இருக்கு. பஸ்ஸுல அந்த வழியா எத்தனையோ தடவை போயிருப்போம்.

நியாயமா சொல்லணும்னா, இங்க நல்லதும் நடந்தது. உயிர் பாதுகாப்பு கிடைச்சது. பொம்பர் வரல. ரேஷன், மாத உதவித்தொகை, அரசுப் பள்ளி கிடைச்சது. 1984ல சந்திரகாசன் தொடங்கின ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் மாதிரி அகதிகளே நடத்தின அமைப்புகள் பிள்ளைங்க படிப்பை விடாம பிடிச்சுக்கிட்டாங்க. அந்த அம்மாவை மறுபடி ஆறாம் வகுப்புல சேர்த்துவிட்ட ஒரு டீச்சரைப் பத்தி இன்னைக்கும் சொல்லுவாங்க. வகுப்புல யாரோ "அகதி"ன்னு கூப்பிட்டப்போ அந்த டீச்சர் இவங்களைக் கூப்பிட்டு முதல் பெஞ்சுல உட்கார வச்சாங்களாம். கெயில்சன் சொல்ற மூணாவது கட்டம் நல்லபடியா அமையறதுன்னா அதுல இந்த மாதிரி சின்ன விஷயங்களும் அடக்கம்.

ஆனா மறுபக்கமும் இருக்கு. பத்துக்குப் பத்து அறையில மொத்தக் குடும்பம். 1991ல ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு கண்காணிப்பு இறுகிப்போச்சு. வெளியூர் போனா சொல்லிட்டுப் போகணும். செக்கிங் நாள்ல எல்லாரும் வந்து நின்னு தலையைக் காட்டணும். ஆம்பளைங்களை வரிசையா நிக்க வச்சு அண்ணனைக் கூட்டிட்டுப் போனதைப் பார்த்த ஒரு சிறுமி, இங்க வந்து காக்கிச் சட்டைக்கு முன்னாடி வரிசையில நிக்கிறாள். இங்க யாரும் அவளை அடிக்கல. பேர் வாசிக்கிறாங்க, அவ்வளவுதான். ஆனா அலெர்ட் அடிக்கிற மூளைக்கு அந்த வித்தியாசம் தெரியணும்ல?

அதுக்கு மேல, அண்ணன் கணக்கு இன்னும் முடியல. செத்துட்டாருன்னு தெரிஞ்சா அழுது தீர்க்கலாம், திவசம் கொடுக்கலாம், பூசை வைக்கலாம். காணாம போனவருக்கு எதைச் செய்றது? அவங்க அம்மா, அதாவது என் ஃபிரெண்டோட பாட்டி, மகன் போட்டோவுக்கு மாலை போட கடைசி வரைக்கும் விடலையாம். இலங்கையில இன்னைக்கும் இந்த நிலையில நிறையக் குடும்பங்கள் இருக்கு. காணாமல் ஆக்கப்பட்டவங்களோட அம்மாக்கள் 2017ல இருந்து கிளிநொச்சி, வவுனியான்னு ரோட்டோரத்துல போட்டோவோட உட்கார்ந்து போராடுறாங்க. தேதி போட முடியாத நினைவுன்னு முன்னாடி சொன்னேனே, இங்க தேதி உண்மையிலேயே இல்ல.

அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போகுது

அந்த 296 பிள்ளைங்க ஆய்வுல இன்னொரு எண் இருக்கு. என்னைத் தூங்க விடாத எண். 95.6 சதவீதம் பேர், வீட்டுக்குள்ளயே ஏதாவது ஒரு வகையில மோசமா நடத்தப்பட்டிருந்தாங்க. எந்தப் பிள்ளைங்க அதிகமா அடி வாங்கினாங்கன்னு பார்த்தப்போ ரெண்டு விஷயம் சேர்ந்து வந்தது. ஒண்ணு அப்பாவோட குடி. இன்னொண்ணு போர்ல பட்ட பாடு.

போர் வீட்டுக்குள்ள வர்ற வழி இது. நிலம் போச்சு, வேலை போச்சு, மரியாதை போச்சு. ராத்திரி தூக்கம் வராத ஒரு அப்பா குடிக்கிறாரு. குடிச்சிட்டு அடிக்கிறாரு. அந்த அம்மாவோட அப்பா ஊர்ல தொட்டதே இல்லையாம், முகாமுக்கு வந்து ரெண்டு வருஷத்துல தினமும் குடிக்க ஆரம்பிச்சிருக்காரு. அதை நியாயப்படுத்த நான் சொல்லல. சங்கிலி எப்படிப் போகுதுன்னு காட்டுறேன்.

அடுத்த கண்ணி என் ஃபிரெண்ட். அவன் ஒரு குண்டுகூட பார்த்ததில்ல. 1998ல இங்க பிறந்தவன். ஆனா சின்ன வயசுல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வெளிய விட மாட்டாங்களாம். போன் எடுக்கலைன்னா அம்மா பத்து தடவை கூப்பிடுவாங்க. மாமாவைப் பத்திக் கேட்டா வீடே அமைதியாயிடும். "என்ன நடந்ததுன்னு எனக்கு யாருமே சொல்லல மச்சி. ஆனா ஏதோ நடந்திருக்குன்னு மட்டும் எனக்கு எப்பவும் தெரியும்"னு சொன்னான்.

அவனோட சொந்த மூணாவது கட்டமும் ஓடிக்கிட்டிருக்கு. 1987 ஜூலை 1க்குப் பிறகு இந்தியாவுல பிறந்தவங்களுக்கு, அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருந்தாத்தான் பிறப்பால் குடியுரிமை. இவன் வீட்ல யாரும் இல்ல. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூணு நாடு மட்டும்தான், இலங்கை கிடையாது. எங்க பேட்ச்ல என்னைவிட நல்லா கோட் எழுதுவான். கேம்பஸ் இன்டர்வியூல எல்லா ரவுண்டும் தாண்டி, ஒரு கம்பெனியில டாக்குமென்ட் கேக்கிற இடத்துல நின்னுபோச்சு. இப்போ ஒரு சின்ன நிறுவனத்துல இருக்கான். அன்னைக்கு ராத்திரி அவங்க அம்மா அரிசி டப்பாவைத் திறந்து எவ்வளவு இருக்குன்னு அளந்து பார்த்தாங்களாம். அவன் சொல்லித்தான் தெரியும். அவங்களுக்கு ஞாபகம் இல்ல.

சரியாகுமா?

ஆகும். முழுசா அழியாது, ஆனா அடங்கும். இதுக்கும் நம்ம ஆளுங்க மத்தியிலயே ஆதாரம் இருக்கு.

2004 சுனாமிக்கு அப்புறம் வடகிழக்கு இலங்கையில, போர் சுனாமி ரெண்டையும் பார்த்த 31 குழந்தைங்களை ரெண்டு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்குக் கதை சொல்லும் சிகிச்சை, இன்னொரு குழுவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ரெண்டுக்கும் ஆறே ஆறு அமர்வு. ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தப்போ முதல் குழுவுல 81 சதவீதம், ரெண்டாவது குழுவுல 71 சதவீதம் பேர் மீண்டிருந்தாங்க. சின்ன ஆய்வுதான். 2009ல வெளியாச்சு.

கதை சொல்லும் சிகிச்சை எப்படி நடக்கும்னா, தரையில ஒரு கயிறு போடுவாங்க. அதுதான் அந்தக் குழந்தையோட வாழ்க்கை. பிறந்ததுல இருந்து இன்னைக்கு வரைக்கும். நல்லது நடந்த இடத்துல பூ, கெட்டது நடந்த இடத்துல கல். பிறகு ஒவ்வொண்ணா வரிசையா பேசணும். எங்க இருந்தே, யார் பக்கத்துல இருந்தாங்க, என்ன வாசம், அதுக்கப்புறம் என்ன ஆச்சு. பேசப் பேச அந்தக் கல்லுக்கு முன்னும் பின்னும் இடம் கிடைக்குது. விட்டுப்போன டைம்ஸ்டாம்பை உட்கார்ந்து திரும்பப் போடுற வேலை. கயிறு கல்லோட முடியறதில்ல, மேலயும் நீளமா கிடக்குதுன்னு குழந்தையே கண்ணால பார்க்கும்.

ஆனா இதைப் படிச்சுட்டு நீங்களே யாருக்காவது செய்யக் கிளம்பாதீங்க. பயிற்சி இருக்கிறவங்க கூட இருந்து செய்ய வேண்டியது. அரைகுறையா கிளறி விட்டுட்டு எழுந்து போறது கெடுதல்.

நாம என்ன செய்யலாம்

நாலே நாலு விஷயம்.

ஒண்ணு, "அங்க என்ன நடந்துச்சு?"ன்னு ஆர்வத்துல கேக்காதீங்க. அவங்களா சொன்னா கேளுங்க. பாதியில நிறுத்தினா நிறுத்த விடுங்க.

ரெண்டு, வெடி, மேளம், ட்ரோன் மாதிரி திடீர்னு சத்தம் வர்றது எதுவா இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்க. எதிர்பார்த்த சத்தத்துக்கும் எதிர்பாராத சத்தத்துக்கும் உடம்புக்குள்ள பெரிய வித்தியாசம்.

மூணு, உங்களுக்கோ வீட்ல யாருக்கோ தூக்கமில்லாம, பழைய விஷயம் துரத்துற மாதிரி இருந்தா 14416க்கு கூப்பிடுங்க. மத்திய அரசோட டெலிமனஸ் சேவை, இலவசம், 24 மணி நேரம், தமிழ்ல பேசலாம். போர் பார்த்தவங்களுக்கு மட்டும்னு இல்ல. வீட்ல அடி வாங்கி வளர்ந்தவங்களுக்கும் மேல சொன்னதுல பாதி பொருந்தும்.

நாலு, கொஞ்சம் பெரிய விஷயம். 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு "அகதிகள் முகாம்"ங்கிற பேரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்"னு மாத்துச்சு, புது வீடுகளும் கட்ட ஆரம்பிச்சாங்க. நல்ல விஷயம். குடியுரிமைக் கேள்வி டெல்லியில நிக்குது. ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட இதைப் பத்திக் கேளுங்க. அவங்களுக்கு ஓட்டு இல்ல, அதனால அவங்களுக்காக யாரும் கேக்கிறதில்ல. நமக்கு இருக்கு.

கெயில்சன் கணக்குல மூணாவது கட்டம்னா பக்கத்து வீடு, ஸ்கூல் டீச்சர், ஹெச்.ஆர்., தாலுகா ஆபீஸ், தீபாவளிக்கு வந்த மகனோட ஃபிரெண்ட். முதல் ரெண்டு கட்டத்துல நம்மால செய்ய முடிஞ்சது எதுவும் இல்ல. மூணாவதுல நாமளே இருக்கோம்.

போன தீபாவளிக்கு மறுபடி அவங்க வீட்டுக்குப் போனேன். அன்னைக்குச் சிரிச்சதுக்கு மன்னிப்புக் கேட்டேன். அவங்களுக்கு நான் சிரிச்சதே ஞாபகம் இல்லையாம். "நீ என்னைக் கையைப் பிடிச்சு எழுப்பி விட்டனீ தம்பி, அதுதான் ஞாபகம் இருக்கு"ன்னாங்க. எனக்கு அது ஞாபகம் இல்ல.

வெடிக்கிற சத்தம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மகன் வந்து "அம்மா, ஆறு மணிக்கு மேல வெடிப்பாங்க"ன்னு சொல்லிட்டுப் போனான். ஜன்னலைச் சாத்திட்டு, டி.வி. சவுண்டைக் கூட்டி வச்சுட்டு, எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாங்க. முதல் வெடிக்கு டம்ளர் ஆடுச்சு. கீழ விழல.